இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன்

தான் பயிற்சி கொடுக்கும் கல்லூரிக் கால்பந்து அணி அரையிறுதியில் யாரோடு மோதவேண்டும் என்ற செய்தி போனில் வந்தபோது மயூரதன், மெல்பேர்னின் மேற்கே ட்ருகனினாவில், தான் வேலை செய்யும் களஞ்சியத்தில், ஃபோர்க்லிஃப்டை ஓரமாக நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எதிரணி, நகரத்தின் தென்கிழக்கில் உள்ள ஒரு கல்லூரி. அந்தக் கல்லூரியைப் பற்றி அவனுக்கு அதிகம் தெரியாது. அதற்குக் கீழே பயிற்சியாளரின் பெயர் இருந்தது. கிளமென்ட் பெர்னாண்டோ.

அந்தப் பெயரில் நீர்கொழும்பில் மட்டும் எத்தனையோ பேர் இருப்பார்கள். மயூரதன் கல்லூரியின் இணையத்தளத்தில் படத்தைத் தேடிப் பார்த்தான். முடி கொட்டியிருந்தது, கழுத்து தடித்திருந்தது. கைகளைக் கட்டிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற விதம் மட்டும் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான். வதனி முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கிளமென்டோ?"

"ஓம். அவன்தான்."

"அப்ப இண்டைக்கே போன் எடுங்கோ," என்றாள்.

வதனி ஏன் அப்படிச் சொன்னாள் என்பது விளங்க, பழைய கதை கொஞ்சம் தெரியவேண்டும்.

மயூரதன் யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்தவன். இடது காலால் உதைப்பவன். பாடசாலை அணியிலும் பிறகு ஊர்க் கழகத்திலும் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனாக ஆடினான். கோல் போடுகிறவனின் பெயரைத்தான் சனம் கூவும். தடுக்கிறவன் பிழை விட்டால் மட்டும்தான் அவன் பெயர் கேட்கும். அவனுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பத்தொன்பது வயதில், அவனைக் கொழும்பில் நடந்த தேசிய இளையோர் அணி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். போரால் தரைப்பாதை பூட்டியிருந்ததால் கப்பலில் திருகோணமலைக்குப் போய், அங்கிருந்து பஸ் எடுத்தான். முகாமில் வடக்கிலிருந்து வந்தவன் அவன் ஒருவன்தான்.

விடுதியில் அடுத்த கட்டில் கிளமென்டுடையது. கிளமென்ட் கோல்காப்பாளன், அணித்தலைவனும் அவன்தான். சிங்களவன் என்றாலும், நீர்கொழும்பு மீன் சந்தையில் பழகிய தமிழ் அவனுக்கு ஓரளவு வரும். மயூரதனைப் பெயர் சொல்லாமல் 'குருநகர்' என்றே கூப்பிட்டான். பயிற்சி முடிந்து மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் இவர்கள் இரண்டு பேரும் மைதானத்தில் நிற்பார்கள். மயூரதன் இடப்பக்க ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிப்பான். கிளமென்ட் பாய்ந்து பிடிப்பான். வெளிச்சம் குறைந்து பந்து தெரியாமல் போகும்வரை அது நடக்கும்.

சுற்றுப்பயணம் போகும் அணியை அறிவிக்கவிருந்த நாள் விடியற்காலையில் பொலிஸார் விடுதிக்கு வந்தார்கள். மயூரதனை மட்டும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். சில கிழமைகள் அடைத்துவைத்தார்கள். அடித்தார்கள். யாரோ ஒருவனைத் தெரியுமா என்று கேட்டார்கள், அவனுக்குத் தெரியவில்லை. விட்டபோது, இனிக் கொழும்பில் நிற்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் அணி வெளிநாடு போய்த் திரும்பியும் வந்துவிட்டது. பிறகு அவனை ஒருவரும் கூப்பிடவில்லை.

இந்தக் கதையை மயூரதன் பலரிடம் சொல்லியிருக்கிறான். ஆஸ்திரேலியாவுக்கு வந்த படகில் பக்கத்தில் இருந்தவனிடம், படகில் வந்தவர்களை முதலில் அடைத்துவைத்த கிறிஸ்மஸ் தீவில் மொழிபெயர்ப்பாளரிடம், சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் முற்றத்தில் பந்து விளையாடியவர்களிடம், பிறகு கல்யாணம் பேசும்போது வதனியிடம். எப்போதும் ஒரே மாதிரித்தான் சொல்வான். நாட்டுக்கு விளையாட இருந்தவன், அன்று காலையில் பிடித்துப் போட்டார்கள் என்று. போர் முடிந்த பின்னும் வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்ததையும், அதனால் கடல் ஏறியதையும் அதற்குப் பிறகுதான் சொல்வான்.

வில்லாவுட்டிலிருந்து வெளியே விட்டதும், ஊர்க்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு மெல்பேர்னுக்கு வந்தான். களஞ்சிய வேலை கிடைத்தது. சனி ஞாயிறுகளில் ஒரு தமிழ்க் கழகத்துக்கு ஆடினான். இரண்டாவது பருவத்தில் முழங்கால் போனது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓட முடியவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மைதானத்துக்குப் போவதை விடவும் முடியவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, யார் எங்கே நிற்கவேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட ஒரு விளையாட்டு ஆசிரியை அவனிடம் வந்து, தங்கள் கல்லூரி அணியைப் பழக்க ஆள் இல்லை, வருகிறாயா என்று கேட்டாள். இந்த நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புவரை உள்ள பள்ளிகளுக்கும் கல்லூரி என்றுதான் பெயர்.

அந்த அணி அப்போது தன் பிரிவில் கடைசியில் கிடந்தது. பஞ்சாபி, சூடானிய, வியட்நாமியப் பிள்ளைகள், இரண்டொரு தமிழ்ப் பிள்ளைகள். எல்லாருக்கும் முன்னுக்கு நின்று கோல் போடத்தான் ஆசை. மயூரதன் முதல் வருஷம் முழுவதும் தடுப்பதை மட்டுமே பழக்கினான். பந்து இல்லாமல் ஓடவும், பின்னுக்கு வரவும், ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொண்டு நிற்கவும் பழக்கினான். சலிப்பாக இருக்கிறதென்று பெற்றோர் சிலர் அதிபரிடம் முறையிட்டார்கள். அடுத்த வருஷம் அணி தோற்பது குறைந்தது. அதற்கடுத்த வருஷம் மேல் பிரிவுக்குப் போனது. முறையிட்டவர்கள் கதிரை கொண்டுவந்து மைதான ஓரத்தில் உட்கார்ந்தார்கள். மயூரதன் அதிகாலை வேலையை முடித்துவிட்டு, பின்னேரங்களில் பயிற்சி கொடுத்தான். பயிற்சியாளர் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தான். ஆசிரியர்கள் அவனைக் கோச் என்று கூப்பிட்டார்கள். அவனிடம் இருப்பது தற்காலிக விசா என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அகதிக் கோரிக்கை முதலிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தது. தேசிய முகாமில் இருந்ததாக அவன் சொன்னதை அதிகாரி நம்பவில்லை. சுற்றுப்பயணம் போனவர்களில் அவன் பெயர் இல்லை. முகாமில் இருந்ததற்கும் ஆதாரம் இல்லை. ஆகவே முகாமிலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதும் கட்டுக்கதை என்று முடிவாகியது. பல வருஷம் இழுபட்ட பிறகு, நீதிமன்றம் வழக்கை மறுபடி விசாரிக்கும்படி தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது.

அவனுடைய வழக்கறிஞர் பார்கவி, கோயம்புத்தூர்க்காரி. முதல் சந்திப்பிலேயே, அன்று விடுதியில் இருந்த ஒருவர் நேரில் வந்து சொன்னால் போதும் என்று சொல்லியிருந்தாள். மயூரதன் தேடினான். முகாமில் இருந்தவர்களில் சிலர் இத்தாலியில், சிலர் வளைகுடாவில். அவன் எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை. இப்போது கிளமென்ட் இதே நகரத்தில் இருக்கிறான், அதுவும் அடுத்த கிழமை எதிரணியின் பக்கத்தில் நிற்கப்போகிறான்.

விஷயம் தெரிந்ததும் பார்கவி உடனே கூப்பிட்டாள். விசாரணைத் தேதி நெருங்கிவிட்டது, சாட்சியின் பெயரை முன்கூட்டியே கொடுக்கவேண்டும் என்றாள்.

"மேட்ச் முடியட்டும், பார்கவி," என்றான் மயூரதன்.

"மேட்சுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? இது உங்க வாழ்க்கை."

"கேட்டுட்டு விளையாட ஏலாது."

அவள் விசாரணைத் தேதியை இன்னொரு தடவை சொன்னாள். பிறகு, மேட்ச் முடிந்த அன்றைக்கே கேட்டுவிட வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வதனியிடம் அவன் இன்னும் கொஞ்சம் விளக்கினான். முதலில் கேட்டுவிட்டால், தன் அணி தோற்றாலும் அதற்கு ஒரு கதை வரும், வென்றாலும் ஒரு கதை வரும். அந்தப் பிள்ளைகளுக்கு இதில் ஒன்றும் இல்லை. வதனி கேட்டுவிட்டு, உங்களுக்குப் பந்துதான் பெரிது என்று மட்டும் சொன்னாள். அதில் கோபமும் இருந்தது, பழகிப்போனதும் இருந்தது.

போட்டி நாளில் கிளமென்ட் தானாகவே மைதானத்தைக் கடந்து வந்தான். மயூரதனின் முகத்தைக் கூர்ந்து பார்த்தான்.

"குருநகர்," என்றான்.

இருவரும் கைகொடுத்தார்கள். கிளமென்ட் அவனுடைய தோளைப் பிடித்துக் குலுக்கினான். இரண்டு அணிப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆட்டம் முடியக் கதைப்போம் என்று சொல்லிவிட்டு அவரவர் பக்கம் போனார்கள்.

கிளமென்டின் அணி நல்ல அணி. பந்தைப் பின்னாலிருந்து அமைதியாகக் கடத்திக்கொண்டு வந்தார்கள். முதற்பாதியில் மயூரதனின் பிள்ளைகள் நடுக்கோட்டைத் தாண்டியதே குறைவு. ஆனால் தடுத்தார்கள். மயூரதன் எதிரணிக் கோல்காப்பாளனையே கவனித்துக்கொண்டிருந்தான். உயரமான பையன். இடப்பக்கத்திலிருந்து பந்து தூக்கி வரும்போதெல்லாம், அது புறப்படுவதற்குக் கொஞ்சம் முன்பே இரண்டடி வெளியே வந்துவிடுகிறான். அந்தக் காலத்தில் கிளமென்ட் செய்ததும் அதுதான். பந்தைச் சீக்கிரம் பிடிக்கும் ஆசை. எத்தனையோ பின்னேரங்கள் அதைப் பார்த்தவன் மயூரதன்.

இடைவேளையில் இடப்பக்கம் ஓடும் பையனைக் கூப்பிட்டு, தூக்கி அடிப்பது போல் ஓடிவந்து நேராகக் கிட்ட இருக்கும் கோல் கம்பத்தைப் பார்த்து அடி என்றான். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அது நடந்தது. கோல்காப்பாளன் வெளியே காலெடுத்து வைத்திருந்தான். பந்து அவனுக்கும் கம்பத்துக்கும் நடுவால் உள்ளே போனது. ஒன்றுக்குப் பூச்சியம். பெற்றோர் கதிரைகளை விட்டு எழும்பினார்கள். மயூரதன் எதிர்ப்பக்கம் பார்த்தான். கிளமென்ட் கைகளைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்து நின்றான். அந்தக் கோல் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஆட்டம் முடிந்தபின் கார் நிறுத்துமிடத்தில் சந்தித்தார்கள். கிளமென்ட் வாழ்த்துச் சொன்னான். பிறகு, வருகிற வருஷம் தான் இருக்கமாட்டேன் என்றான். கல்லூரி நிர்வாகம் இந்தக் கோப்பையை எதிர்பார்த்திருந்தது. வேறு ஆளை ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகத்தான் சொன்னான். மயூரதன் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டான். அன்று மாலை வதனியும் பார்கவியும் அவனுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதத் தேவையில்லை.

இறுதிப் போட்டியில் அவனுடைய அணி தோற்றது. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் வந்த புதன்கிழமை, வேலை முடிந்த கையோடு, அவன் நோபல் பார்க்கில் இருந்த கிளமென்டின் வீட்டுக்குக் காரில் போனான். கிளமென்டின் மனைவி தேநீர் தந்துவிட்டு உள்ளே போனாள். மயூரதன் எல்லாவற்றையும் சொன்னான். படகு, வில்லாவுட், நிராகரிப்பு, நீதிமன்றம். கிளமென்ட் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"எனக்கு அம்மா இன்னும் ஊரில இருக்கிறா," என்றான் கடைசியில். "ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்மசுக்குப் போறேன். பேர் வெளிய வருமா?"

விசாரணை மூடிய அறையில் நடக்கும், பெயர்களை வெளியிடமாட்டார்கள் என்று பார்கவி சொன்னதை மயூரதன் சொன்னான். வராவிட்டாலும் தனக்கு விளங்கும் என்றும் சொன்னான். கிளமென்ட் தேநீரைக் குடித்து முடித்தான்.

"மேட்சுக்கு முந்தி ஏன் கேக்கயில்ல?"

"கேட்டா நீ எப்பிடி விளையாடுறது, நான் எப்பிடி விளையாடுறது?"

கிளமென்ட் தலையாட்டினான். அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"வாறேன். ஆனா மச்சான், நான் உள்ளதைத்தான் சொல்லுவேன். முழுக்க."

"அதுதான் வேணும்," என்றான் மயூரதன்.

விசாரணை நகரத்தில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் நடந்தது. விசாரித்தவர் நரைத்த முடியுள்ள பெண்மணி. அவசரப்படாமல் கேட்டார். மயூரதன் தமிழில் பேசினான். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவன் முடித்த பிறகு கிளமென்டை உள்ளே அழைத்தார்கள். கோட் போட்டு வந்திருந்தான். ஆங்கிலத்தில் பேசினான். மயூரதன் முகாமில் இருந்தான், என் பக்கத்துக் கட்டிலில் படுத்தான் என்றான். பொலிஸார் வந்ததைச் சொன்னான். அணித்தலைவன் என்பதால் தானும் பயிற்சியாளரும் அடுத்த நாள் பொலிஸ் நிலையத்துக்குப் போனதையும், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டதையும் சொன்னான். அதை மயூரதன் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டான்.

அப்போது அந்தப் பெண்மணி கேட்டார். பிடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இவர் சுற்றுப்பயணம் போயிருப்பாரா?

"இல்லை," என்றான் கிளமென்ட்.

முந்தின நாள் மாலையே அணி முடிவாகிவிட்டது என்றான். பயிற்சியாளர் அணித்தலைவனான தன்னைக் கூப்பிட்டுச் சொன்னார். இடதுபக்கத்துக்கு வேறொருவனை எடுத்திருந்தார்கள். மயூரதன் நல்ல ஆட்டக்காரன், ஆனால் வலப்பக்கம் திரும்புவதில் தாமதம், வேகமான அணிகளுக்கு எதிராக அது சரிவராது என்பது பயிற்சியாளரின் எண்ணம். தனக்கும் அதே எண்ணம்தான் என்றான்.

மயூரதனுக்கு ஆங்கிலத்திலேயே விளங்கிவிட்டது. பிறகு மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னார். ஆக, இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது. அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீங்கள் இதற்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அந்தப் பெண்மணி கேட்டபோது, எனக்கு இது தெரியாது என்றான். அவர் அவனுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார்.

வெளியே வந்ததும் பார்கவி சிரித்தபடி இருந்தாள். "அவர் சொன்ன அந்த ஒரு பதில் போதும். உங்க பேர் ஏன் டூர் லிஸ்ட்ல இல்லைன்னு இப்ப தெளிவாயிடுச்சு. உங்களுக்காகப் பொய் சொல்ல வந்தவர் அப்படிச் சொல்ல மாட்டாருன்னு அவங்களுக்கும் தெரியும்."

மயூரதன் அவளுக்கு நன்றி சொன்னான். அவள் அடுத்த வழக்குக்குப் போனாள். அவனும் கிளமென்டும் ட்ராமுக்குக் காத்து நின்றார்கள்.

"எனக்கு ஏன் சொல்லேல்ல?" என்று கேட்டான் மயூரதன்.

"காலையில சொல்ல இருந்தேன். ராத்திரி நான் வரேக்க நீ நல்லா நித்திரை. எழும்பட்டும் எண்டு விட்டேன்." கிளமென்ட் தெருவைப் பார்த்தான். "காலையில அவங்க வந்திட்டாங்க."

ட்ராம் வந்தது. இருவரும் ஏறினார்கள்.

சில நாட்களுக்கு மயூரதனின் நினைப்பெல்லாம் அதிலேயே இருந்தது. அடுப்படிக்குள் போய் நிற்பான், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்புவான். சோற்றைப் பிசைந்துகொண்டு, வலப்பக்கம் திரும்புவதைப் பற்றி வதனிக்கு விளக்குவான். இடது காலை ஊன்றித் திரும்பும்போது உடம்பின் பாரம் பின்னுக்குப் போகும். அதை ஒரு மாதத்தில் திருத்தியிருக்கலாம். தன் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு அதே குறை இருந்தது, திருத்திவிட்டான். அப்போது தனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"உங்களைப் பிடிச்சு அடிச்சதை விட, அணியில எடுக்காமல் விட்டதுதான் உங்களுக்கு நோகுது," என்றாள் வதனி.

அவன் யோசித்துப் பார்த்தான். உண்மையாகத்தான் இருந்தது. அடித்ததற்கு அவன் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லை. அதனால் அதை நினைத்து அவன் தன்னைக் குறை சொன்னதில்லை. இதற்குக் காரணம் இருந்தது. அதுவும் சரியான காரணம். பயிற்சியாளனாக அவனே அந்த இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.

குளிர்காலம் முடியும் முன்னர் தீர்ப்பு வந்தது. அவன் சொன்னதை நம்புவதாகவும், திருப்பி அனுப்பினால் ஆபத்து உண்டு என்றும் அதில் இருந்தது. வதனி போனை வைத்துவிட்டு நெடுநேரம் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை நகரத்தின் கிழக்கோரம் 'த பேசின்' என்ற இடத்தில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குக் காரில் போய் வந்தார்கள். மயூரதன் பிறப்பால் கத்தோலிக்கன்; வாசலுக்கு வெளியே நின்று, மலையடிவாரத்து மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கும் உரிமை கிடைத்த பிறகு கல்லூரி அவனை முழுநேரப் பயிற்சியாளனாக எடுத்தது. களஞ்சியத்தில் அவனைக் கேக் வெட்டி வழியனுப்பினார்கள்.

புதிய பருவத்துக்குக் கோல்காப்பாளர்களைப் பழக்க ஆள் வேண்டும் என்று அவன் அதிபரிடம் கேட்டான். ஆளின் பெயரையும் சொன்னான். கிளமென்ட் முதலில் மறுத்தான். நோபல் பார்க்கிலிருந்து நகரத்தைக் கடந்து மேற்கே வருவது தூரம் என்றான். பிறகு கிழமைக்கு ஒருநாள் என்று ஒத்துக்கொண்டான்.

முதல் நாள் பயிற்சிக்கு முன் இருவரும் வலையைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்ததால் வலை நிற்கவில்லை. மயூரதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"எனக்குப் பதிலா எடுத்தவன், இப்ப எங்க?"

"குருநாகலில. பஸ் ஓட்டுறான்."

"நல்ல பிளேயரோ?"

கிளமென்ட் முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தான். "நல்ல பிளேயர், மச்சான். உன்னை விட நல்லம். அந்த டூர்ல மூண்டு மேட்சும் தோத்தோம். ஆனா அவன் பக்கத்தால ஒரு கோல் வரயில்ல."

மயூரதன் அடுத்த முனையைக் கட்டுவதற்கு மறுபக்கம் நடந்தான். அந்த ஆட்டங்களைப் பற்றி இன்னும் சொல்லச் சொன்னான். கிளமென்ட் முதல் மேட்சிலிருந்து தொடங்கினான். பிள்ளைகள் பைகளோடு வரத் தொடங்கியிருந்தார்கள்.